எத்தனை காலம் என்பதோடு எவ்வாறு என்பதையும் கேட்போம்

நாள்பட்ட நுரையீரல் நோயுடன் மருத்துவமனைக்கு வரும் குடும்பங்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டே. முதல் கேள்வியை உடன் வந்த மகனோ மகளோ, நோயாளர் அறையை விட்டு வெளியே சென்றபின் தணிந்த குரலில் கேட்கிறார்: “இன்னும் எத்தனை ஆண்டு இருப்பார்?” இரண்டாவது கேள்வியை நோயாளரே கேட்கிறார். அது ஒரு சிறு செயலைப் பற்றியதாக இருக்கும். மாடிப்படி ஏற முடியுமா, மூச்சு வாங்காமல் குளிக்க முடியுமா, பேத்தியின் திருமணத்துக்கு ஊருக்குப் போய்வர இயலுமா என்பன போன்ற கேள்விகள் அவை.

முதல் கேள்வி பெரிது, இரண்டாவது சிறிது என்று கருதுவது வழக்கம். உயிர் முதலில், மற்றவை பிறகு என்ற எண்ணம் குடும்பங்களிடமும் உண்டு, மருத்துவர்களிடமும் உண்டு. எங்கள் கருத்து வேறு. இந்நோயைப் பொறுத்தவரை ஆயுளின் நீளமும் அன்றாட வாழ்வின் தரமும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து வளர்கின்றன. ஒன்றைப் புறக்கணித்து மற்றதைக் காக்க முயலும்போது பல நேரங்களில் இரண்டும் குறைகின்றன. இவ்வெண்ணத்துக்கு அடிப்படையான சான்றுகளையும், அவற்றால் வீட்டிலும் மருத்துவமனையிலும் மாற வேண்டியவற்றையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இங்கு நாங்கள் முதன்மையாகப் பேசுவது சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைப் பற்றி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் இந்நோயால் ஏறத்தாழ 35 லட்சம் பேர் உயிரிழந்தனர். உலகில் மரணத்துக்குக் காரணமான நோய்களின் வரிசையில் இது நான்காவது இடத்தில் உள்ளது. 70 வயதுக்கு முன்பே இந்நோயால் இறப்பவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் நம் நாடு போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். பீடி, சிகரெட் புகைத்தோர் மட்டுமின்றி, ஒருநாளும் புகைபிடிக்காமல் பல்லாண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்து சமைத்த பெண்களும், தூசும் புகையும் நிறைந்த இடங்களில் உழைத்தோரும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். காசநோயிலிருந்து மீண்டபின் நுரையீரலில் தங்கிய தழும்புகளால் மூச்சிரைப்போடு வாழ்வோரும் நம்மிடையே பலர். கீழே கூறப்படுவனவற்றுள் பல அவர்களுக்கும் பொருந்தும்.

நான்கு அளவுகளில் மூன்று வீட்டிலேயே தெரிபவை

நோயின் கடுமையை அறிய ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் பரிசோதனை செய்யப்படுகிறது. ஒரு நொடியில் எவ்வளவு காற்றை வெளியேற்ற முடிகிறது என்பதை அது காட்டுகிறது. நோயைக் கண்டறிவதற்கு அது இன்றியமையாதது. ஆயினும், அந்த ஓர் எண்ணைக் கொண்டே ஒருவருடைய எதிர்காலத்தைக் கணித்துவிட முடியாது. ஒரே அளவு காற்றடைப்புள்ள இருவரில் ஒருவர் தோட்டத்தில் வேலை செய்கிறார், மற்றவர் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. இருவரின் வாய்ப்புகளும் ஒன்றல்ல.

2004ஆம் ஆண்டில் பார்த்தலோமே செல்லி என்ற மருத்துவரும் அவர்தம் குழுவினரும் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ‘போட்’ என்ற ஒரு மதிப்பீட்டு முறையை வெளியிட்டனர். அது நான்கு அளவுகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறது: உயரத்துக்கு ஏற்ற உடல் எடை, காற்றடைப்பின் அளவு, அன்றாட வேலைகளில் ஏற்படும் மூச்சிரைப்பு, ஆறு நிமிடங்களில் நடக்க முடிந்த தொலைவு. இந்நான்கும் சேர்ந்து, ஊதும் பரிசோதனை மட்டும் சொல்வதைவிடத் துல்லியமாக உயிர் ஆபத்தைக் கணித்தன.

இந்நான்கினுள் மூன்றை எண்ணிப் பாருங்கள். எடை குறைகிறதா, சட்டை தொளதொளவென்று ஆகிறதா என்பதை வீட்டில் உள்ளோர் காண்கின்றனர். தெருமுனைக் கடைவரை செல்லும்போது எத்தனை முறை நிற்க நேர்கிறது என்பதை நோயாளர் அறிவார். அதாவது, அவர் எப்படி உண்கிறார், எப்படி நடக்கிறார், எப்படி மூச்சு விடுகிறார் என்ற அன்றாட நிலையே அவர் எவ்வளவு காலம் வாழ்வார் என்ற கணக்கிலும் பெரும்பங்கு வகிக்கிறது. மேலும், கெட்டுப்போன காற்றறைகளை மருந்தால் மீண்டும் உண்டாக்க இயலாது. எடையையும் கால்வலிமையையும் மூச்சுவிடும் முறையையும் ஓரளவேனும் சீராக்க இயலும்.

அன்பின் பெயரால் அமர்த்தி வைக்காதீர்கள்

நம் குடும்பங்களில் மூச்சிரைப்பு உள்ள பெரியவரை எல்லோரும் அன்போடு அமர்த்தி வைக்கின்றனர். “நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், தண்ணீரை நாங்கள் கொண்டு வருகிறோம்” என்கின்றனர். மாடியிலிருந்த படுக்கை கீழே வருகிறது. பிறகு கடைக்குப் போவது நிற்கிறது, அதன்பின் கோயிலுக்குப் போவதும் நிற்கிறது. இவை அனைத்தும் பாசத்தால் செய்யப்படுபவை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. இருப்பினும் இவற்றின் விளைவு கடுமையானது.

உழைக்காத தசை நலிவடைகிறது. நலிந்த கால்தசை அதே பத்தடி நடப்பதற்கு முன்னைவிட அதிகக் காற்றைக் கேட்கிறது. அதனால் மூச்சு வாங்குகிறது, மூச்சு வாங்குவதால் அச்சம் எழுகிறது, அச்சத்தால் நடை மேலும் குறைகிறது. ஆறு திங்களில் அவர் நடக்கும் தொலைவு பாதியாகும்போது ‘நோய் முற்றிவிட்டது’ என்று குடும்பம் கருதுகிறது. அந்த வீழ்ச்சியின் ஒரு பகுதி நோயால் நேர்ந்தது. மற்றொரு பகுதி ஓய்வால் நேர்ந்தது.

இச்சுழலை மாற்றுவதே நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியின் நோக்கம். வாரத்தில் சில நாட்கள், சில வாரங்களுக்கு, மேற்பார்வையோடு நடைப்பயிற்சியும் கைகால் வலுவூட்டலும் மூச்சுப்பயிற்சியும் நோயைப் பற்றிய விளக்கமும் தரப்படுகின்றன. இதன் பயனைக் குறித்து 65 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த காக்ரேன் மதிப்புரை, மூச்சிரைப்பும் சோர்வும் குறைவதையும், நோயைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறோம் என்ற உணர்வு பெருகுவதையும் உறுதி செய்தது.

இது வாழ்வின் தரத்தைப் பற்றிய சான்று. ஆயுளைப் பற்றியும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டில் இந்நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய 1,97,376 முதியவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. வீடு திரும்பிய 90 நாட்களுக்குள் மறுவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியோரில் 7.3 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் இறந்தனர். அவ்வாறு தொடங்காதோரில் 19.6 விழுக்காட்டினர் இறந்தனர். இது பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு. ஓரளவு உடல்வலு உள்ளோரே பயிற்சிக்குச் சென்றிருக்கலாம் என்பதால் வேறுபாடு முழுவதையும் பயிற்சியின் கணக்கில் எழுத முடியாது. ஆய்வாளர்கள் அவ்வேற்றுமைகளை இயன்றவரை சரிசெய்து கணக்கிட்டபின்னும் பயன் தெரிந்தது. வருந்தத்தக்க செய்தி மற்றொன்று: அத்தனை பேரில் 90 நாட்களுக்குள் பயிற்சியைத் தொடங்கியோர் 1.5 விழுக்காட்டினர் மட்டுமே. வசதி மிக்க நாட்டிலேயே நிலை அவ்வாறெனில், இத்தகைய மையங்கள் அரிதாக உள்ள நம் நாட்டில் வீடே பயிற்சிக்கூடமாக வேண்டியுள்ளது.

மருத்துவரின் ஒப்புதலோடு எளிய முறையில் தொடங்கலாம். சமதளத்தில் நடக்க வேண்டும். மூச்சு சற்றே வாங்க வேண்டும், ஆனால் ஒரு சிறு சொற்றொடரைப் பேசி முடிக்க இயல வேண்டும். அதுவே தக்க வேகம். களைத்தால் நின்று, மூச்சு ஆறியபின் தொடரலாம். நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்வது தொடைத் தசைக்கு நல்ல பயிற்சி. நெஞ்சுவலி, தலைசுற்றல், உதடு நீலமாதல் ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். மூச்சிரைப்பு மட்டும் தோன்றினால் அது தானாகவே ஆபத்தின் அறிகுறி ஆகிவிடாது என்பதைக் குடும்பத்தினர் உணர்வது முதற்படி.

கஞ்சி மட்டும் போதாது

முற்றிய நுரையீரல் நோயில் உடல் மெலிவது தனியே ஓர் ஆபத்து. மூச்சு விடுவதற்கே உடல் மிகுதியாக உழைக்க வேண்டியிருப்பதால் ஆற்றல் கூடுதலாகச் செலவாகிறது. வயிறு நிறைய உண்டால் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு மூச்சு முட்டுவதால் உணவின் அளவும் குறைகிறது. இதற்கிடையே, சளி பிடிக்கும் என்று பாலும் தயிரும் வாழைப்பழமும், செரிக்காது என்று முட்டையும் பயறும் ஒவ்வொன்றாக விலக்கப்படுகின்றன. இறுதியில் கஞ்சியும் ரசச்சோறும் எஞ்சுகின்றன. பெரியவரின் நன்மைக்கென்று செய்யப்படும் இப்பத்தியம் அவருடைய தசையைக் கரைக்கிறது.

சிறுகச் சிறுக ஐந்தாறு வேளை உண்பது, ஒவ்வொரு வேளையிலும் முட்டை, மீன், பருப்பு, சுண்டல், பால் போன்ற புரத உணவு ஒன்றைச் சேர்ப்பது, திங்கள்தோறும் எடையைக் குறித்து வைப்பது ஆகியன செலவு அதிகமில்லாத மருத்துவம். சிறுநீரகக் கோளாறோ வேறு நோயோ உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

“அந்த ஒன்றையாவது விட்டுவைப்போம்”

“இத்தனை வயதில் பீடியையும் பறிக்க வேண்டுமா? இருக்கும் வரை மகிழ்ச்சியாக இருக்கட்டும்” என்று சொல்லும் குடும்பங்களை நாங்கள் காண்கிறோம். ஆயுள் ஒரு பக்கம், மகிழ்ச்சி மறுபக்கம் என்று பிரித்துப் பார்க்கும் வாதம் இது. புகைப்பதை நிறுத்தினால் இருமலும் சளியும் குறைகின்றன, நுரையீரல் தேயும் வேகம் தணிகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5,887 பேரைக் கொண்டு நடந்த ‘லங் ஹெல்த் ஸ்டடி’ என்ற ஆய்வில், புகையை விட உதவி பெற்ற குழுவினரிடையே பதினான்கரை ஆண்டுகளுக்குப் பின் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. அக்குழுவிலும் பலர் புகையை முழுமையாக விடவில்லை என்பதைக் கருதும்போது இம்முடிவின் வலிமை புரியும். விட விரும்புவோர் 1800-112-356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணை அழைத்து ஆலோசனை பெறலாம். வீட்டில் விறகடுப்பும் கொசுவர்த்தியும் ஊதுபத்தியும் எழுப்பும் புகையையும் இத்துடன் சேர்த்தே நிறுத்த வேண்டும்.

ஆக்சிஜன்: சேரும் இடமும் பிரியும் இடமும்

ஆயுளும் தரமும் எப்போதும் ஒன்றாகவே செல்லும் என்று நாங்கள் கூறவில்லை. வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் ஆக்சிஜன் இதற்கு எடுத்துக்காட்டு.

1981ஆம் ஆண்டில் பிரிட்டனில் இரத்த ஆக்சிஜன் மிகக் குறைந்திருந்த 87 நோயாளர்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு வெளியாயிற்று. நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் பெற்ற 42 பேரில் 19 பேரும், அதைப் பெறாத 45 பேரில் 30 பேரும் ஐந்தாண்டுகளுக்குள் இறந்தனர். ஓய்வு நிலையிலும் ஆக்சிஜன் மிகக் குறைந்தோருக்கு இது உயிர்காக்கும் மருந்து என்பது அன்று உறுதியாயிற்று. ஆனால் அமெரிக்காவில் 738 பேரைக் கொண்டு நடந்து 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஆக்சிஜன் மிதமாகவே குறைந்திருந்தவர்களுக்கு இதனால் ஆயுளும் நீளவில்லை, வாழ்க்கைத்தரமும் உயரவில்லை என்று காட்டியது. எனவே ஆக்சிஜன் யாருக்குத் தேவை என்பதைப் பரிசோதித்தே முடிவு செய்ய வேண்டும். தேவையற்ற ஒருவருக்குக் கான்சன்ட்ரேட்டரை வாங்கி வைப்பது அவரைக் குழாயால் கட்டிப்போடுவதாக முடியும். குடும்பத்தின் பணமும் வீணாகும்.

தேவையுள்ளவருக்கு 15 மணி நேரம் என்பது சுமைதான். மின்கட்டணத்துக்கு அஞ்சி அணைத்து வைப்போரும், பிறர் பார்வைக்கு வெட்கி மூக்குக்குழாயைக் கழற்றுவோரும் உள்ளனர். கணக்கைச் சற்று மாற்றிப் பாருங்கள். உறங்கும் எட்டு மணி நேரம் முதலில் சேர்கிறது. உண்ணும்போதும் செய்தித்தாள் படிக்கும்போதும் தொலைக்காட்சி பார்க்கும்போதும் எஞ்சிய ஏழு மணி நேரம் நிறைகிறது. குழாயின் நீளத்தை மருத்துவரின் ஆலோசனைப்படி கூட்டினால் அறைக்கு அறை நடக்கலாம். மருத்துவர் ஒப்பினால் மீதமுள்ள ஒன்பது மணி நேரத்தில் வெளியே சென்று வரலாம். ஓட்டத்தின் அளவைத் தாமாகக் கூட்டக் கூடாது. சிலருக்கு மிகையான ஆக்சிஜன் இரத்தத்தில் கரியமில வாயுவைப் பெருக்கிவிடும். பூஜை விளக்கும் அடுப்பும் பீடியும் ஆக்சிஜனின் அருகே இருத்தல் கூடாது. மின்தடைக்கு என்ன மாற்று என்பதை முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

அச்சத்தைக் குறைப்பதும் மருத்துவமே

இந்நோயில் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது கடினம். அஞ்சி வேகமாக மூச்சு விடும்போது, பழைய காற்று வெளியேறும் முன்பே அடுத்த மூச்சு தொடங்கிவிடுகிறது. நெஞ்சில் காற்று தேங்கி, மேலும் மூச்சு முட்டுகிறது. சூடான காப்பியை ஊதி ஆற்றுவதுபோல் உதடுகளைக் குவித்து மெல்ல வெளிவிடும் பயிற்சி, தேங்கிய காற்று வெளியேற நேரம் தருகிறது. முகத்துக்கு நேராகச் சிறு கைவிசிறியின் காற்றுப் படுவதே மூச்சிரைப்பின் உணர்வைக் குறைக்கும் என்பதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

2014இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில், முற்றிய நோயால் மூச்சிரைப்புற்ற 105 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு, மூச்சிரைப்பைச் சமாளிக்கும் வழிகள், கைவிசிறி, வீட்டுக்கு வந்து உதவும் பயிற்சியாளர், வலிநிவாரண மருத்துவக் குழுவின் ஆதரவு ஆகியன அளிக்கப்பட்டன. மூச்சிரைப்பைத் தாமே கையாளும் திறன் அவர்களிடம் உயர்ந்தது. ஆறு திங்களுக்குப் பின் அவர்களுள் 94 விழுக்காட்டினர் உயிரோடிருந்தனர். மற்ற குழுவில் அவ்வாறிருந்தோர் 75 விழுக்காட்டினர். சிறிய ஆய்வுதான், உயிர்காப்பை அளப்பது அதன் முதல் நோக்கமும் அன்று. இருந்தும், வலிநிவாரண சிகிச்சை என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று கருதும் நம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள இது ஒன்றே போதும் என்பது எங்கள் துணிபு.

நோயாளர் முன்னிலையில் பேசுங்கள்

“அப்பாவிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள்” என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள். அதன் பின்னுள்ள பரிவை மதிக்கிறோம். ஆயினும், மூச்சு முட்டுவதை ஒவ்வொரு நாளும் அனுபவிப்பவர் அவர். மறைக்கப்படுகிறோம் என்பதையும் அவர் அறிந்தே இருப்பார். நிலை மோசமாகி அவசரப் பிரிவுக்கு வரும் இரவில், செயற்கைச் சுவாசக் கருவி வேண்டுமா என்ற முடிவைப் பிள்ளைகள் நடுங்கும் கையோடு எடுக்க நேர்கிறது. அவர் நலமாக இருக்கும் ஒரு பகற்பொழுதில், அவருக்கு எது முக்கியம், எதை அவர் விரும்பமாட்டார் என்று கேட்டறிந்திருந்தால் அச்சுமை பாதியாகும். இவ்விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று, 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியுள்ளது.

அடுத்த முறை வரும்போது

மருத்துவமனைகளின் கடமையும் இதில் உண்டு. ‘கேட்’ என்ற எளிய வினாப்பட்டியல் 2009 முதல் வழக்கில் உள்ளது. இருமல், சளி, நெஞ்சிறுக்கம், மாடியேறும்போது மூச்சிரைப்பு, வீட்டு வேலை செய்யும் திறன், துணிந்து வெளியே செல்லுதல், உறக்கம், உடலுரம் என எட்டு வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் ஐந்து வரை மதிப்பெண். சில நிமிடங்களில் முடியும் இவ்வினாப்பட்டியலும், ஆறு நிமிட நடையும், உடல் எடையும் ஒவ்வொரு நுரையீரல் நோயாளரின் குறிப்பேட்டிலும் இரத்த அழுத்தத்தைப் போலத் தவறாமல் பதியப்பட வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம். பதியப்படாத ஒன்றை யாரும் சீர்செய்ய முயல்வதில்லை.

குடும்பங்களிடம் நாங்கள் வேண்டுவன இவை. மருத்துவரைக் காண வரும்போது நோயாளரையே முதலில் பேச விடுங்கள். அவர் முன்பு செய்து இப்போது கைவிட்ட செயல் ஒன்றைக் குறித்து வாருங்கள். இன்ஹேலரைக் கையோடு கொண்டுவந்து, பயன்படுத்தும் முறை சரிதானா என்று செவிலியரிடம் காட்டுங்கள். தவறான முறையில் இழுத்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். சளிக்காய்ச்சல், நிமோனியா தடுப்பூசிகள் போடப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்ப இயலுமா, இயலாவிடில் வீட்டில் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். சளியின் நிறம் மாறினாலோ, வழக்கத்தைவிட மூச்சு வாங்கினாலோ யாரை எப்போது அழைப்பது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பேத்தியின் திருமணத்துக்குப் போய்வர விரும்புகிறேன் என்று ஒருவர் கூறினால் அதைப் பொழுதுபோக்குப் பேச்சாக ஒதுக்க வேண்டாம். எத்தனை அடி நடக்க வேண்டும், எங்கே அமர்ந்து இளைப்பாறலாம், பயணத்தில் எந்த மருந்து கையில் இருக்க வேண்டும் என்று அதையே இலக்காக வைத்துத் திட்டமிடலாம். அதற்காக அவர் நாள்தோறும் நடக்கும் நடையும், அவ்வெண்ணத்தோடு உண்ணும் உணவும் அவருடைய ஆயுளுக்கும் துணைசெய்யும்.